களைத்த கல்

ஒயாந்தாய்தம்போ, பெரு
5 மார்ச் 2025

துஷாந்தினியின் அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடத்தில் நீங்கள் காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைப்பீர்கள். பிறகு நான் மேசையோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பேன். அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நீங்கள் முதலில் மொன்றியலுக்கு வந்து, நானும் கைக்குழந்தையும் யாழ்ப்பாணத்தில் இருந்த நாலு வருசமும் நாங்கள் கடிதத்தில்தானே குடும்பம் நடத்தினோம்? அந்த நாலு வருசத்தில் இவ்வளவு சண்டை வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மனதில் கிடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மலையைப் பற்றி எழுத வராது. இந்தப் பயணம் ஒரு வருசமாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தது நீங்கள். "மச்சு பிச்சுவுக்கு உலகமே போகுது, நாங்கள் ஆரும் எட்டிப் பாராத இடங்களை நடந்து பார்ப்பம்" என்று சொன்னதும் நீங்கள்தான். புறப்பட ஆறு நாள் இருக்கும்போது காய்ச்சல், வரவில்லை என்றீர்கள். அதே கிழமையில் என்னை ஒரு சொல் கேளாமல் துஷாந்தினிக்குப் போன் எடுத்து, "அம்மாவின்ர முழங்காலுக்கு இந்தப் படி இனிச் சரிவராது, நாங்கள் கர்க்லாண்டுக்கு உன்னட்டை வாறம், பேஸ்மென்டை ஒழுங்குபடுத்து" என்று சொன்னீர்கள். நத்தார் பண்டிகைக்கு வந்து அவள் இதையே கேட்டபோது, "இந்த வீட்டை விட்டு என்னைத் தூக்கிக்கொண்டுதான் போகவேணும்" என்று சொன்ன மனிதர் எங்கே போனார்?

டாக்சி வந்தபோதும் நீங்கள் கீழே இறங்கவில்லை. வாசலில் நின்று கை காட்டினீர்கள். வெளிப்படி பத்தொன்பதிலும் பெட்டியை நானே இறக்கினேன். பாதி வழியில் கீழ்வீட்டு அல்போன்சம்மா ஏறி வந்து மற்றப் பிடியைப் பிடித்தா. அவவுக்கு எழுபத்தொரு வயது.

குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறதே, வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதம், ஜூலை முதலாம் தேதியிலிருந்து வீடு வேண்டாம் என்று, அது அங்கேயே இருக்கட்டும். மார்ச் 31க்குள் கொடுக்கவேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறது, இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். நான் 29ஆம் தேதி வருகிறேன். அதற்கிடையில் என் முழங்கால் இந்த மலையில் பரீட்சை எழுதும். தேறினால் அந்தக் கடிதத்தைக் கிழிப்பேன். தேறாவிட்டால் நானே கையெழுத்து வைப்பேன், ஒரு முறைப்பாடும் இல்லாமல்.

இங்கே மழைக்காலம் முடியும் நேரம். யன்னலைத் திறந்தால் எதிர்மலை உள்ளே வந்துவிடும் போல இருக்கிறது.

சிவமலர்


மொன்றியல்
8 மார்ச்

மலர்,

உம்மட கடிதம் கிடைச்சுது. முந்தி "அன்புள்ள அத்தான்" எண்டு போடுவீர். இப்ப "துஷாந்தினியின் அப்பா". கவனிச்சனான்.

ஒரு விரலால தட்டி எழுதிறன், அதால சுருக்கமா எழுதிறன்.

யன்னலுக்கு வெளியில இருக்கிற வெப்பமானி மைனஸ் பதினாலு காட்டுது. நேற்றுப் பெய்த பனியை எதிர்வீட்டுக்காரன் அள்ளிறதை யன்னலால பார்த்துக்கொண்டிருந்தன். அவனுக்கு அள்ளத் தெரியாது. முதுகால அள்ளுறான்.

டாக்சி விசயம். எனக்குக் காய்ச்சல். காய்ச்சல்காரன் பனிக்குள்ள இறங்கி நிண்டால் என்ன ஆகும்? அவ்வளவுதான் அது. அதைப் பெருப்பிக்க வேண்டாம்.

பரீட்சை எண்டு எழுதியிருக்கிறீர். கேள்வி போடுறதும் நீர், எழுதிறதும் நீர், திருத்திறதும் நீர். அப்பிடிப் பரீட்சையில ஆர் பெயில் விட்டது?

துஷாந்தினி பேஸ்மென்டுக்கு வெள்ளைப் பெயின்ட் எடுத்திட்டாளாம். யன்னல் இருக்காம். அதால பார்த்தால் புல்லு தெரியுமாம்.

பாலும் பாணும் அல்போன்சம்மா வாங்கித் தந்தா. நீர் வைச்சிட்டுப் போன குழம்பு முடிஞ்சுது. சோறும் முட்டையும்.

உயரத்தில தலை சுத்துமெண்டு அந்தப் புத்தகத்தில கிடந்தது. ஆறுதலா நடவும். தண்ணி குடியும்.

நகுலேஸ்வரன்


ஒயாந்தாய்தம்போ
11 மார்ச்

துஷாந்தினியின் அப்பாவுக்கு,

நேற்று பூமாமார்க்காவுக்கு நடந்தேன். புத்தகத்தில் நீங்கள் பென்சிலால் வட்டம் போட்ட இடம். (திருப்பிக் கொடுக்க முதல் அதை அழித்துவிடுங்கள், நூலகத்துப் புத்தகம் அது.) சிற்றாறு ஒன்றின் கரையோடு ஏறி, பிறகு சோளத் தோட்டங்களுக்கிடையால் மேலே போகவேண்டும். இரண்டரை மணித்தியாலம் என்றார்கள். எனக்கு நாலு. மேலே கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. இன்காக்கள் இதைக் காவலுக்குக் கட்டினார்களா, தானியம் வைக்கக் கட்டினார்களா என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் போனபோது அங்கே இருந்தவர்கள்: நான், என் வழிகாட்டி, இரண்டு மாடுகள். நீங்கள் கேட்ட மாதிரியே ஆரும் எட்டிப் பாராத இடம்.

வழிகாட்டியின் பெயர் செனோவியா. ஐம்பது வயதிருக்கும். இரட்டைப் பின்னல், தொப்பி, டயரில் வெட்டிய செருப்பு. என் பிரெஞ்சும் அவவின் ஸ்பானிஷும் ஒன்றுவிட்ட சகோதரிகள் மாதிரி, முகச்சாயல் இருக்கிறது, போக்குவரத்து இல்லை. மிச்சத்துக்குக் கை இருக்கிறது.

ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. செனோவியா மடிப்பையிலிருந்து கொக்கா இலை மூன்றைத் தேர்ந்தெடுத்து, விசிறி மாதிரிச் சேர்த்துப் பிடித்து, மலைப் பக்கம் காட்டி மெல்ல ஊதி, என்னிடம் நீட்டினா. மூன்று இலை, ஒரு காம்பில் இருப்பது மாதிரி. என் கை என்னைக் கேட்கவேயில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கொண்டையில் செருகிவிட்டேன், கோயிலில் வில்வம் வாங்கினது மாதிரி. செனோவியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே குந்திவிட்டா. அது வாய்க்குள் போட்டு அடக்கிக்கொள்ளத் தந்தது! சிரித்து முடித்தபின் என்ன நினைத்தாவோ, தானும் மூன்று இலையைத் தொப்பி விளிம்பில் செருகிக்கொண்டு நடந்தா. மூன்று இலையை உங்களுக்கென்று கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

இறங்கும்போது படிவரிசை வயல்கள். யாழ்ப்பாணத்தில் இதைப் படிப்பிக்கும்போது மலை எங்கே இருந்தது காட்ட? பிள்ளைகளின் கொப்பிகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, ஒவ்வொரு விளிம்பிலும் பயறு வைப்பேன். பத்து வருசம் பயறு வைத்துவிட்டு இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு இறங்க, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் கற்கள்தான் படி. ஒரு கல், கொஞ்சம் வெறும் காற்று, அடுத்த கல். கைபிடி கிடையாது. எங்கள் வீட்டு வெளிப்படியை நினைத்தேன். அதற்கு இரும்புக் கைபிடியாவது இருக்கிறது.

முழங்கால், முதலாம் தவணை: எழுபத்திரண்டு புள்ளி. நீங்கள் பெயில் விடாத பரீட்சை என்று சொல்வீர்கள் என்பதற்காகக் கடுமையாகத்தான் திருத்தினேன்.

சிவமலர்


மொன்றியல்
14 மார்ச்

மலர்,

முதல் விசயம். அந்த இலையை இஞ்ச கொண்டு வரவே கூடாது. அதிலயிருந்துதான் கொக்கேயின் எடுக்கிறது, மூண்டு இலையெண்டாலும் எயார்போட்டில பிடிப்பாங்கள். "பிரசாதம்" எண்டு நீர் அவங்களுக்கு விளங்கப்படுத்தப் போறீரோ? அறுபத்தாறு வயதில உம்மைக் கூட்டிக்கொண்டு போய் அறைக்குள்ள இருத்தினால், துஷாந்தினிக்கு நான் என்ன சொல்லுறது? கொப்பியிலயிருந்து எடுத்து அந்த மலைக்கே குடுத்திட்டு வாரும்.

எழுபத்திரண்டு புள்ளி சந்தோசம். கைபிடி இல்லாத படியில நீர் இறங்கினதைப் படிக்கேக்கை நான் மேசை விளிம்பைப் பிடிச்சுக்கொண்டிருந்தன். இனி அப்பிடிக் கல்லில இறங்க வேண்டாம். சுத்துப்பாதை இருந்தால் சுத்திப் போம்.

மற்றது. வீட்டுக்காரரின்ர கடிதத்தில உம்மட கையெழுத்தை நானே வைச்சு, பதிவுத் தபாலில போடச் சொல்லி அல்போன்சம்மாட்டைக் குடுத்திட்டன். நீர் 29ஆம் தேதி வந்து, விமானம் பிந்தி, பேந்து 31 தாண்டிப்போனால் இன்னொரு வருசம் இதுக்குள்ள. நீர் இஞ்ச வந்த காலத்தில இருந்து எத்தினை படிவத்தில நான் உமக்காகக் கையெழுத்து வைச்சிருப்பன்? அதில ஒண்டு இது. கோபிக்க வேண்டாம்.

பல்கனியில ஒரு அணில். ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு வருது. பாண் துண்டு வைக்கிறன்.

நகுலேஸ்வரன்


ஒயாந்தாய்தம்போ
16 மார்ச்

உங்களுக்கு,

1990இல் எனக்கு பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலமும் பள்ளிக்கூட ஆங்கிலம். அப்போது நீங்கள் என் படிவங்களை நிரப்பியது உதவி. கார்டெரியில் இருபத்திரண்டு வருசம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். சப்பாத்து நாடாவை நாங்களே கட்டிவிட்டால் நேரம் மிச்சம்தான். ஆனால் நாடா கட்டத் தெரிந்த பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்து வைத்துக் கட்டினால் அந்தப் பிள்ளை உதைக்கும். உதைக்கத்தான் வேண்டும்.

நான் நேற்று நடக்கப் போகவில்லை. கட்டிலில் இருந்து எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருசம் இருந்த வீட்டை விடுகிறேன் என்று என் பெயரில் நான் இல்லாமல் ஒரு கடிதம் போயிருக்கிறது. இதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை.

சிவமலர்


மொன்றியல்
18 மார்ச்

மலர்,

அந்தக் கடிதம் போகேல்ல.

அல்போன்சம்மா அதைத் தபாலில போடேல்ல. நாலு நாளா மாதா சுருவத்துக்குக் கீழ வைச்சிருக்கிறாவாம். பதிவுச் சீட்டு எங்கையெண்டு பல்கனியால எட்டிக் கேட்டன். "நகுலேஸ்வரன் அண்ணை, உங்களுக்காக நான் ஒரு பொய்க்கு ஒத்துக்கொண்டது காணும். ரெண்டாவது பொய்யை என்ர கையால பெட்டிக்குள்ள போடமாட்டன். மலர் வரட்டும்" எண்டா. கீழ தன்ர கதவைச் சாத்தினா, பேந்து திறந்து, "சூப் வைச்சனான், அனுப்பிறன்" எண்டிட்டுத் திருப்பியும் சாத்தினா.

நீர் நடக்கப் போகாமல் இருக்கவேண்டாம். அந்தக் கல் உடைச்ச இடம், கச்சிகாத்தா, அதுக்கும் நான் வட்டம் போட்டனான். அதைப் பாராமல் வரவேண்டாம்.

கையெழுத்து வைச்சது பிழை.

நகுலேஸ்வரன்


ஒயாந்தாய்தம்போ
22 மார்ச்

துஷாந்தினியின் அப்பாவுக்கு,

உங்கள் வட்டத்துக்குள் நேற்றுப் போய்வந்தேன்.

கச்சிகாத்தா ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில் இருக்கிறது. ஒயாந்தாய்தம்போவில் பெரிய கட்டடத்துக்கு வைத்த பாறைகளை அங்கேதான் வெட்டினார்கள். வெட்டி, மலைச்சரிவால் இறக்கி, ஆற்றைக் கடத்தி, இந்தப் பக்க மலையில் திரும்ப ஏற்றினார்கள். சில்லு இல்லை, மாடு இல்லை, கயிறும் ஆட்களும்தான். விடிய ஏழு மணிக்குப் புறப்பட்டு, மழையில் ஒரு மணித்தியாலம் பாறைக்கடியில் ஒதுங்கி, பின்னேரம்தான் திரும்பினோம்.

வழி முழுக்கப் பெரிய கற்கள் கிடக்கின்றன. வெட்டி, பக்கங்கள் ஒப்பமாக்கி, பாதித் தூரம் கொண்டுவந்து, அப்படியே விடப்பட்டவை. ஒன்று எங்கள் சமையலறையளவு இருக்கும். ஏன் விட்டார்கள் என்று செனோவியாவைக் கேட்டேன். உடைந்ததா? ஆட்கள் ஓடிவிட்டார்களா? சண்டையா? ஒவ்வொன்றையும் கையால் நடித்துக் காட்டினேன். அவ எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கல்லில் கையை வைத்து ஒரு சொல்தான் சொன்னா: களைத்துவிட்டது. இங்கே எல்லாரும் அவற்றைக் களைத்த கற்கள் என்றுதான் சொல்கிறார்கள். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வந்தது, களைத்தது, இருந்துவிட்டது. செனோவியா மூன்று இலையை அதன்மேல் வைத்து, பறக்காமல் ஒரு சிறுகல்லை வைத்து, வணக்கம் சொல்வது போல ஏதோ சொல்லிவிட்டு நடந்தா. நானும் கொப்பிக்குள் இருந்த உங்கள் இலைகளை எடுத்து அங்கேயே வைத்தேன். எயார்போட்டில் இனிப் பயமில்லை.

அந்தக் கல்லில் சாய்ந்திருந்து உங்கள் கடிதங்களைத் திரும்ப வாசித்தேன். போனில் சேமித்து வைத்திருந்தேன்.

ஆறாம் வகுப்புக்கு வரைபடம் தொடங்கும்போது நான் செய்யும் ஒரு வேலை உண்டு. "வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியை வரையுங்கோ" என்பேன். பிள்ளைகள் எல்லாம் போடுவார்கள், கடை, வேப்பமரம், மதவு. ஒரு வருசம் ஒரு பிள்ளை தன் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையை மட்டும் போடவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, அந்த ஒழுங்கையில் ஒரு கடிநாய். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் போட்டதைப் பார்க்க முதல் போடாததைத் தேடுவேன்.

உங்கள் மூன்று கடிதத்திலும் யன்னல் இருக்கிறது, பல்கனி இருக்கிறது, அணில் இருக்கிறது. பனி அள்ளுவதை மற்றவன் செய்ய நீங்கள் யன்னலால் பார்க்கிறீர்கள். நீங்கள்! பால் வாங்குவது அல்போன்சம்மா. தபாலுக்குப் போவது அல்போன்சம்மா. சூப்பைக்கூட அவ "அனுப்புகிறா". காய்ச்சல் மூன்று கிழமையா இருக்கும்? நீங்கள் வரைந்த படத்தில் ஒரு படி கூட இல்லை. அல்போன்சம்மா ஒத்துக்கொண்ட அந்த முதலாவது பொய் என்ன?

முழங்கால் தேறிவிட்டது. எண்பத்தொன்று. ஆனால் இங்கே நான் வேறொருவருடைய பரீட்சையை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று படுகிறது.

எழுதுங்கள். சுருக்கமாக வேண்டாம்.

சிவமலர்


மொன்றியல்
24 மார்ச்

மலர்,

ரெண்டு நாளா எழுதி எழுதி அழிச்சன். இப்ப அழிக்காமல் எழுதிறன்.

பெப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. நீர் பேரப்பிள்ளையின்ர பிறந்தநாளுக்குக் கர்க்லாண்டுக்கு முதலே போயிட்டீர். நான் பேந்து வாறன் எண்டனான், ஞாபகமோ? நீர் திரும்பி வரேக்கை வழுக்கக்கூடாது எண்டு படிக்கு உப்புப் போட இறங்கினன். போட்டுக்கொண்டு கீழவரைக்கும் போனன். ஏறி வரேக்கை, மேலயிருந்து எட்டாவது படியில, உப்புப் படாத ஒரு துண்டு. கால் போச்சு. இடுப்பு இரும்பில அடிச்சுது. விழுந்த இடத்திலயே இருந்தன். எழும்ப ஏலாது. அரை மணித்தியாலம் இருக்கும். ரோட்டால சனம் போச்சுது. கூப்பிட்டிருக்கலாம். வாய் வரேல்ல. இருபத்தேழு வருசம் பேக்கரியில மா மூட்டை தூக்கினவன், சொந்த வீட்டுப் படியில விழுந்து கிடக்கிறன் எண்டு எப்பிடிக் கத்துறது?

பூசையால வந்த அல்போன்சம்மா கண்டா. "என்ன அண்ணை, மைனஸ் பத்தில வெயில் காயிறியளோ?" எண்டா. பேந்து முகத்தைப் பார்த்திட்டுப் பகிடியை விட்டிட்டா. நான் நாலு காலில ஏறினன். அவ பின்னால ஏறினா, நான் சரிஞ்சால் பிடிக்க. அந்த மனிசி என்னைப் பிடிச்சு என்ன செய்யிறது, ரெண்டு பேரும் சேர்ந்து உருண்டிருப்பம். மாதாவின் மேல சத்தியம் வாங்கினன், மலருக்கும் துஷாந்தினிக்கும் சொல்லக்கூடாது எண்டு. அதுதான் முதலாவது பொய். பிறந்தநாளுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிவிட்டன். அது ரெண்டாவது. பேந்து எண்ணேல்ல.

இடுப்பு நோ இப்பக் குறைவு. ஆனால் கதவைத் திறந்து அந்தப் படியைப் பார்த்தால் தலை சுத்துது. கைபிடியைத் தொட்டால் கை வேர்க்குது. மூண்டு தரம் தெண்டிச்சன். ஒரு படி. ரெண்டு படி. திரும்பினன். அந்த நிலையில பெருவில மலை ஏறுறதெண்டு எப்பிடி வாறது? டாக்சி வந்த அண்டைக்கு நீர் பெட்டியோட இறங்கிறீர், நான் கதவுப் பிடியை விடாமல் நிக்கிறன். கை காட்டினது ஒரு கையால. மற்றக் கையை நீர் காணேல்ல.

பாலும் பாணும் எப்பிடி வருதெண்டு கேட்பீர். உம்மட உடுப்புக்கொடிக் கயிறில ஒரு பையைக் கட்டிப் பல்கனியால இறக்கிறன். அல்போன்சம்மா போடுறா. சூப்பும் அப்பிடித்தான் வந்தது, பாதி.

துஷாந்தினிக்கு ஏன் உம்மட முழங்கால் எண்டு சொன்னன்? போன வருசம் உமக்கு நோ இருந்தது எல்லாருக்கும் தெரியும். அது கைக்கெட்டின இடத்தில இருந்தது. எடுத்திட்டன். என்ர இடுப்பெண்டு சொல்ல வாய் வரேல்ல.

நீர் ஏலுமெண்டு காட்ட மலை மலையா ஏறிக்கொண்டிருக்கிறீர். நான் இஞ்ச அணிலுக்குப் பாண் வைச்சுக்கொண்டு அதைப் படிச்சுக்கொண்டிருந்தன். அதுதான் இதில எனக்குப் பெரிய வெட்கம்.

நகுலேஸ்வரன்


ஒயாந்தாய்தம்போ
26 மார்ச்

அன்புள்ள அத்தான்,

ஓம், போட்டுவிட்டேன். கவனித்திருப்பீர்கள்.

கோபம் இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகும், எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். காலையில் உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு எழுந்து, ஊரைச் சுற்றி ஒரு தரம் வேகமாக நடந்தேன். வாய்க்குள் உங்களைப் பேசிக்கொண்டே நடந்தேன். இரண்டாவது சுற்றில் பேச்சுக் குறைந்தது. மூன்றாவது சுற்றில், மைனஸ் பத்தில் அரை மணித்தியாலம் இரும்பில் இருந்த மனிதரை நினைத்து ஒரு சுவரில் சாய்ந்து நின்றேன். நான் அப்போது கர்க்லாண்டில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் திரும்பி வர வழுக்கக்கூடாது என்றுதான் நீங்கள் உப்புப் போட இறங்கியிருக்கிறீர்கள். அதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

நீங்கள் விழுந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் முழங்காலை எடுத்ததில்தான் குறை. கேட்டிருந்தால் தந்திருப்பேன், அத்தான். "மலர், எனக்கு ஏலாமல் இருக்கு, உம்மட முழங்காலைச் சொல்லுவமோ?" என்று கேட்டிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து துஷாந்தினிக்குப் பொய் சொல்லியிருப்போம். அதில் ஒரு சந்தோசமும் இருந்திருக்கும்.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்கே துஷாந்தினியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள், நான் வந்து சொல்லமாட்டேன். அவள் உங்களை டொக்டரிடம் கூட்டிப்போவாள். தலை சுற்றுவது பயத்தாலா, வேறு ஏதாவதா என்று பார்க்கவேண்டும்.

அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்து வைப்பேன். என் முழங்காலுக்காக இல்லை, உங்களுக்காகவும் மட்டும் இல்லை. பனியில் நீங்கள் அந்தப் படியில் இறங்கும் ஒவ்வொரு தரமும் நான் யன்னலில் நிற்கவேண்டி வரும். எனக்கு யன்னல் வேண்டாம். ஆனால் புல்லுத் தெரியும் பேஸ்மென்டும் வேண்டாம். அவள் நல்ல பிள்ளை, ஆனால் அங்கேயிருந்து எங்கே போவதென்றாலும் அவள் கார் எடுக்கவேண்டும். ஜூலைக்கு மூன்று மாதம் இருக்கிறது. எங்கள் பக்கத்திலேயே, மெட்ரோவுக்கும் ஆற்றங்கரைக்கும் நடக்கக்கூடிய தூரத்தில், படி இல்லாத கீழ்வீடு ஒன்று தேடுவோம். அல்போன்சம்மாவைக் கேளுங்கள், அவவுக்குத் தெரியாத வீடு அங்கே இல்லை.

இன்று செனோவியாவிடம் விடைபெறப் போனேன். கணவர் ஏன் வரவில்லை என்று முதல் நாளே கேட்டிருந்தா. அப்போது கோபக்காரர் என்று நடித்துக் காட்டியிருந்தேன். இன்றைக்கு அதைத் திருத்தி, கல்லுக்கு அவ சொன்ன அந்த ஒரு சொல்லைச் சொன்னேன். அவ உடனே விளங்கிக்கொண்டா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினா.

29ஆம் தேதி பின்னேரம் நாலரைக்கு இறங்குகிறேன்.

மலர்


மொன்றியல்
28 மார்ச்

அன்புள்ள மலர்,

சொல்லிட்டன்.

துஷாந்தினி பேசத் தொடங்கினாள். அவளுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்ச்தான் வரும், தெரியும்தானே. கால் மணித்தியாலம். நான் காதுக் கருவியைக் கழற்றேல்ல. முழுக்கக் கேட்டன். கடைசியில தமிழில, "அம்மா அங்க தனிய ஏறிக்கொண்டிருக்கிறா, அப்பா" எண்டு சொல்லி அழுதாள். அதுதான் பிரெஞ்சை விடக் கஷ்டமாயிருந்தது.

நேற்று டொக்டரிட்டைப் போக, அவளும் மருமகனும் முன்னாலயும் பின்னாலயும் பிடிச்சு இறக்கினவை. எட்டாவது படியில "கொஞ்சம் இருக்கவேணும்" எண்டன். இருந்தம், மூண்டு பேரும், ஒருவருக்குப் பின்னால ஒருவர். எதிர்வீட்டுக்காரன் பார்த்துக் கை காட்டினான். நானும் காட்டினன். எலும்புக்கு ஒண்டுமில்லையாம். காதுக்குள்ள சமநிலை கொஞ்சம் பிழையாம், பயிற்சி தருவினமாம். மிச்சம் பயம். அதுக்கும் படிதான் மருந்தாம், ஒரு நாளைக்கு ஒண்டு கூட. திரும்பி வரேக்கையும் எட்டாவதில இருந்துதான் ஏறினன்.

பேஸ்மென்ட் வேண்டாமெண்டு நீர் எழுதினதைச் சொன்னன். முகம் சுருங்கினது. பேந்து, "வெள்ளைப் பெயின்டைத் திருப்பிக் குடுக்கிறன், நீங்கள் எடுக்கிற வீட்டுக்கு என்ன நிறமெண்டு சொல்லுங்கோ" எண்டாள்.

அல்போன்சம்மா சுருவத்துக்குக் கீழயிருந்து கடிதத்தை எடுத்துத் தந்தா. நான் கையெழுத்து வைச்ச அந்தத் தாளைக் கிழிச்சிட்டன். புதுசா ஒண்டு எழுதி, கீழ என்ர கையெழுத்தை மட்டும் வைச்சிருக்கிறன். மற்ற இடம் வெறுமையாக் கிடக்கு. திங்கட்கிழமைதான் கடைசி நாள். நீர் வந்து வாசிச்சுப் பார்த்து, விரும்பினால் வையும். ரெண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில ஒரு கீழ்வீடு ஜூலையில காலியாகுதாம் எண்டு அல்போன்சம்மா சொன்னா. வாசலுக்கு ஒரு படிதானாம். ஒரு படி என்னால ஏலும்.

புத்தகத்தில பென்சில் வட்டங்களை அழிக்கத் தொடங்கினன். பூமாமார்க்காவை அழிச்சிட்டன். கச்சிகாத்தாவை அழிக்க மனம் வரேல்ல. நூலகத்துக்காரர் கோபிச்சால் கோபிக்கட்டும்.

எயார்போட்டுக்கு துஷாந்தினி வருவாள். நான் வரேல்ல. இது காய்ச்சல் இல்லை. பின்னேரம் அஞ்சரைக்குக் கதவைத் திறந்து இறங்கத் தொடங்குவன், ஒருத்தரும் பிடிக்காமல். நீர் வந்து சேரேக்கை எட்டாவது படியில இருப்பன். அதுக்கு மேல இப்ப வராது. பெட்டியைக் கீழயே விட்டிட்டு மேல வாரும். இலை ஒண்டும் வேண்டாம். வந்து பக்கத்தில கொஞ்சநேரம் இரும். படி ரெண்டு பேருக்குக் காணும், சாணால அளந்து பார்த்திட்டன்.

அத்தான்